தீவுச் சிறையில் ஒரு கால்பந்துச் சங்கம்: செடிக் ஐசக்ஸின் வாழ்க்கை

(சங்கத்தின் பொன்விழாச் சொற்பொழிவு வரிசையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





பொன்விழா என்றால் நிறுவனர்களைப் புகழ்வது வழக்கம். அதை இன்று எனக்கு முன்னால் பேசியவர்கள் மனம் நிறையச் செய்துவிட்டார்கள். எனக்குக் கொடுத்த தலைப்பு விளையாட்டு. நான் அதற்காக ஒரு மனிதரைத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறேன். அவர் நம் ஊர்க்காரர் அல்ல, நம் மொழிக்காரரும் அல்ல. பெரிய ஆட்டக்காரரும் அல்ல. அரசாங்கத்தை எதிர்த்துச் சிறைக்குப் போனவர். சிறைக்குள் கைதிகள் நடத்திய கால்பந்துச் சங்கத்தின் நிர்வாகிகளில் ஒருவராக இருந்தவர். ஐம்பது வயதாகும் ஒரு சங்கம் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது என்பது என் எண்ணம்.

அவர் பெயர் செடிக் ஐசக்ஸ். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்து முஸ்லிம். அவர்கள் வாயில் செடிக். நம் வாயில் சித்தீக்.

கேப் டவுனில் போ-காப் என்று ஒரு பகுதி. மலைச்சரிவில் வண்ண வண்ணமாகச் சுவர் பூசிய வீடுகள், சின்னச் சின்னத் தெருக்கள், இடையிடையே பள்ளிவாசல்கள். அங்குள்ள முஸ்லிம்களை அந்த நாட்டில் 'கேப் மலாய்' என்பார்கள். டச்சுக்காரர்கள் இந்தப் பக்கத்துத் தீவுகளை ஆண்ட காலத்தில், ஜாவா, மக்காசார், மதுரா, திடோரே போன்ற இடங்களிலிருந்து தங்களை எதிர்த்தவர்களைக் கப்பலில் ஏற்றிக் கேப் டவுனுக்கு நாடு கடத்தினார்கள். அடிமைகளாகவும் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனார்கள். இந்தத் தீவுகளிலிருந்து மட்டும் அல்ல. வங்காளம், மலையாளக் கரை, நம் முன்னோர்களின் சோழமண்டலக் கரை, இங்கிருந்தெல்லாம் கொண்டுபோனார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் கலந்து உருவான சமூகம் அது.

அந்த மக்களின் பேச்சில் இன்றைக்கும் நமக்குத் தெரிந்த சொற்கள் இருக்கின்றன. நோன்பை அவர்கள் 'புவாசா' என்கிறார்கள். பெருநாளை 'லபாராங்' என்கிறார்கள். நன்றி சொல்ல 'திராமகாசி'. அங்கே எல்லோரும் பேசும் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் வாழைப்பழத்துக்குப் பெயர் 'பீசாங்'. மலேசியாவில் பிறந்த பிள்ளைக்கு இவற்றுக்கு அகராதி வேண்டாம். ஆகவே செடிக் ஐசக்ஸ் நமக்கு ரொம்ப தூரத்து மனிதர் அல்ல.

அவர் காலத்து நாடு எப்படி இருந்தது என்பதைப் பிள்ளைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1948இல் ஆட்சிக்கு வந்த கட்சி, மனிதர்களைத் தோல் நிறம் பார்த்துப் பிரித்துச் சட்டம் போட்டது. யார் எங்கே குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம், யாரை மணக்கலாம் எல்லாமே சட்டம். விளையாட்டிலும் நிறம் பார்த்தார்கள். வெள்ளையர் அணியில் கறுப்பர் ஆட முடியாது. 1960 மார்ச் 21ஆம் தேதி ஷார்ப்வில் என்ற ஊரில், நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும் பாஸ் சட்டத்தை எதிர்த்துக் கூடிய மக்கள்மீது போலீஸ் சுட்டதில் 69 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு ஆப்பிரிக்க தேசியக் காங்கிரசும், அதிலிருந்து பிரிந்த பான் ஆப்பிரிக்கக் காங்கிரசும் தடை செய்யப்பட்டன. அமைதியாக மனுக் கொடுத்துப் பயனில்லை என்று பல இளைஞர்கள் முடிவுக்கு வந்த காலம் அது.

ஐசக்ஸ் அப்போது ஆசிரியர். டிஸ்டிரிக்ட் சிக்ஸ் என்ற பகுதியில் இருந்த டிரஃபால்கர் உயர்நிலைப் பள்ளியில் கணிதமும் அறிவியலும் நடத்தினார். 1964இல் வெடிமருந்து சோதித்துப் பார்த்ததாக அவரும் வேறு சிலரும் கைதானார்கள். அவருக்கு 12 ஆண்டு தண்டனை. அனுப்பப்பட்ட இடம் ராபன் தீவு.

அந்தத் தீவு கேப் டவுன் கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் சுற்றிலும் அட்லாண்டிக்கின் குளிர்ந்த நீரோட்டம். நம்மோடு அந்தத் தீவுக்குப் பழைய தொடர்பும் உண்டு. திடோரே தீவைச் சேர்ந்த இமாம் அப்துல்லாஹ், கேப் முஸ்லிம்கள் துவான் குரு என்று போற்றுபவர், 1780இல் அந்தத் தீவில்தான் அடைக்கப்பட்டார். சிறையில் இருந்தபடியே குர்ஆனை நினைவிலிருந்து தம் கையால் எழுதினார் என்பது அந்தச் சமூகம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. விடுதலையான பிறகு போ-காப்பில் அந்நாட்டின் முதல் பள்ளிவாசல் உருவாகக் காரணமாக இருந்தார். மதுராவிலிருந்து நாடு கடத்தப்பட்டு அந்தத் தீவிலேயே இறந்த இன்னொரு பெரியவருக்கு 1969இல் அங்கே ஓர் அடக்கத்தலம் எழுப்பினார்கள். அதை அவர்கள் 'கராமத்' என்கிறார்கள். மலாய்க்காரர்கள் சொல்லும் கெராமாட்தான் அது.

ஐசக்ஸ் போய்ச் சேர்ந்தபோது அந்தச் சிறையில் நூற்றுக்கணக்கான அரசியல் கைதிகள் இருந்தார்கள். பகலெல்லாம் கல்லுடைக்கும் குவாரி. இரவில் ஒரு கூடத்தில் பலர் படுக்கை. சிறைக்குள்ளும் நிறம் பார்த்தார்கள். இந்தியர், கலப்பினத்தார் என்று பதிவானவர்களுக்கு ஒரு சாப்பாடு. கறுப்பர்களுக்கு அதைவிடக் குறைந்த சாப்பாடு, ரொட்டி கிடையாது. கறுப்பர்களுக்கு முழுக்கால் சட்டைகூடத் தரவில்லை. ஒரே போராட்டத்துக்காக உள்ளே வந்தவர்களைச் சாப்பாட்டுத் தட்டிலேயே பிரித்து வைப்பதுதான் சிறையின் வேலை.

கைதிகளும் தங்களுக்குள் பிரிந்துதான் இருந்தார்கள். இரண்டு பெரிய கட்சிகள், ஒன்றுக்கொன்று ஆகாது. வேலைக்குப் போகாத வார இறுதி நாட்கள் இன்னும் மோசம். செய்வதற்கு ஒன்றுமில்லை. மனம் சோர்ந்து போகும், இல்லையென்றால் பழைய சண்டை கிளம்பும்.

கூடத்துக்குள் துணியையும் காகிதத்தையும் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி உதைத்துப் பார்த்தவர்கள், "எங்களுக்குத் திடலில் கால்பந்து ஆட அனுமதி வேண்டும்" என்று கேட்கத் தொடங்கினார்கள். அதிகாரிகள் மறுத்தார்கள். கேட்டவர்களுக்குச் சாப்பாடு நிறுத்தப்பட்டது. அடுத்த முறை வேறொருவர் எழுந்து அதே கோரிக்கையைச் சொன்னார். இப்படி ஒரு வாரம், இரண்டு வாரம் அல்ல, ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தார் வந்துபோனார்கள், வெளியுலக நெருக்கடியும் கூடியது. கடைசியில் 1967 முடியும் தறுவாயில் அனுமதி கிடைத்தது. சனிக்கிழமைகளில் அரை மணி நேர ஆட்டம். திடலைச் சமன் செய்ததும் கைதிகள்தான். கோல் கம்பத்துக்குக் கரை ஒதுங்கிய மரத்தையும், வலைக்கு ஒதுங்கிய மீன்வலையையும் பயன்படுத்தினார்கள்.

இதுவரை சொன்னது போராட்டக்காரர்களின் கதை. இனிமேல்தான் நிர்வாகிகளின் கதை.

பந்து கிடைத்துவிட்டது. உதைத்து ஆடிவிட்டுப் போகலாம் அல்லவா? அவர்கள் அப்படி விடவில்லை. 1969இல் ஒரு கால்பந்துச் சங்கத்தையே அமைத்தார்கள். மக்கானா கால்பந்துச் சங்கம் என்று பெயர். மக்கானா, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட கோசா இனத் தலைவர். அதே தீவில் சிறைவைக்கப்பட்டு, தப்பிக்கும் முயற்சியில் கடலில் மூழ்கி மாண்டவர். அவர் பெயரை வைத்ததிலேயே அவர்கள் மனசு தெரிகிறது.

சங்கத்துக்கு எழுதப்பட்ட அமைப்பு விதிகள் இருந்தன. ஃபிஃபாவின் ஆட்ட விதிப் புத்தகத்தை வைத்து, அதில் உள்ளபடியே ஆட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ரேஞ்சர்ஸ், பக்ஸ், ஹாட்ஸ்பர்ஸ், டைனமோஸ், கன்னர்ஸ், மனோங் என்று பல கிளப்புகள். திறமைக்கேற்ப ஏ, பி, சி என்று மூன்று பிரிவுகள். நடுவர்களுக்குத் தனி அமைப்பு. காயம்பட்டவர்களைக் கவனிக்க முதலுதவிக் குழு. ஒழுங்கு நடவடிக்கைக் குழு. அதன் தீர்ப்பு பிடிக்காவிட்டால் மேல்முறையீடு. இவ்வளவும் கம்பி வேலிக்குள்.

கிளப்புகள் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக்கொண்டன. "மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு" என்று தொடங்கும் கடிதம். எழுதியவரும் பெறுபவரும் ஒரே கூடத்தில் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்திருப்பவர்களாக இருக்கலாம். திரும்பிப் படுத்து வாயால் சொல்லிவிடலாம். சொல்ல மாட்டார்கள். எழுதுவார்கள். பதிலும் எழுத்தில் வரும். கூட்டக் குறிப்புகள், புகார் மனுக்கள், ஆட்ட முடிவுகள் எல்லாம் கிடைத்த காகிதத்தில் பதிவாயின. அவை பெட்டி பெட்டியாக இன்றும் கேப் டவுனில் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றைப் படித்து ஆராய்ந்த அமெரிக்க வரலாற்றுப் பேராசிரியர் சக் கோர், இன்னொருவருடன் சேர்ந்து 2008இல் புத்தகமாக எழுதினார். அதற்கு முந்திய ஆண்டு திரைப்படமும் வந்தது. அந்தப் புத்தகத்திலும் படத்திலும் வரும் முக்கியமான மனிதர்களில் ஒருவர் நம் செடிக் ஐசக்ஸ்.

ஐசக்ஸ் கணித ஆசிரியர் என்று சொன்னேன். மற்றவர்கள் கோல் அடிப்பதைப் பற்றிப் பேசும்போது, ஆட்டம் மனிதர்களை என்ன செய்கிறது என்பதைக் கவனித்தவர் அவர். திங்கள், செவ்வாயில் போன சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு. வியாழன், வெள்ளியில் வரப்போகும் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு. வாரம் முழுவதும் மனசுக்கு ஒரு பிடிப்பு. அப்படியானால் இது எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் அல்லவா? இளவட்டங்கள் ஆடுவார்கள், வயதானவர்களும், கால் ஓடாதவர்களும் என்ன செய்வது? விளையாட்டும் பொழுதுபோக்கும் எல்லாக் கைதிகளையும் எட்ட வேண்டும் என்று பாடுபட்டவர்களில் அவர் முக்கியமானவர். 1970களில் அந்தத் தீவில் கோடைக்கால விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. ஓட்டம், தாண்டல், சதுரங்கம் என்று பலவகைப் போட்டிகள். அவற்றை ஏற்பாடு செய்வதில் ஐசக்ஸ் முன்நின்றார்.

இதே ஐசக்ஸ் சும்மா அடங்கி இருந்தவரும் அல்ல. ஜெஃப் மசெமோலா என்ற கைதியோடு சேர்ந்து சிறையின் மாஸ்டர் சாவிக்கு மாற்றுச் சாவி செய்தார். தப்பிக்கும் திட்டம் வெளியே தெரிந்துபோனது. தண்டனை கூடியது. தனிமைச் சிறையும் அனுபவித்தார். சாவி செய்யத் துணிந்த அதே கைதான் விளையாட்டுப் போட்டிக்கு அட்டவணையும் போட்டது. வீரம் வேறு, நிர்வாகம் வேறு என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். அவரிடம் அந்தப் பிரிவினை இல்லை.

சங்கம் என்றால் சச்சரவு இல்லாமலா? ராபன் தீவிலும் வந்தது. 1970இல் நடந்த ஒன்றை அங்கிருந்தவர்கள் கடைசிவரை மறக்கவில்லை. தேர்ந்த ஆட்டக்காரர்களைப் பொறுக்கியெடுத்து அட்லாண்டிக் ரெய்டர்ஸ் என்று ஓர் அணி கட்டினார்கள். அந்த அணி, எல்லோரும் ஏளனமாக நினைத்த ஓர் அணியிடம் ஒரு சர்ச்சைக்குரிய கோலில் தோற்றுப்போனது. "அந்தக் கோல் செல்லாது" என்று மனு. மனு ஏற்கப்படவில்லை. அடுத்த முறை ஆட்டம் தொடங்கும் நேரத்தில் ரெய்டர்ஸ் ஆட்டக்காரர்கள் திடலில் படுத்துவிட்டார்கள். மறியல்!

நாட்டிலேயே சிறந்த போராளிகள். அரசாங்கத்துக்கு எதிராக மறியல் செய்து பழகியவர்கள். இப்போது தங்கள் சொந்தச் சங்கத்துக்கு எதிராகவே மறியல் செய்கிறார்கள். என்ன செய்வது? அடித்து எழுப்பவில்லை. "நம் பையன்கள்தானே" என்று கண்டுகொள்ளாமலும் விடவில்லை. குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குத் தங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்தார்கள். சாட்சிகளை விசாரித்தார்கள். மேல்முறையீடு கேட்டார்கள். ஒரு கோலுக்காக மாதக்கணக்கில் நடந்தது விசாரணை.

கேட்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தக் கைதிகளில் பலரை அந்த நாட்டுச் சட்டம் விசாரணை இல்லாமல் அடைத்துவைத்திருந்தது. போலீஸ் அடித்து வாக்குமூலம் வாங்கியிருந்தது. அதே 1969இல் கேப் டவுனில் இமாம் அப்துல்லாஹ் ஹாரூன் என்ற ஆலிம் ஏறக்குறைய நான்கு மாதங்கள் காவலில் இருந்து, காவலிலேயே இறந்தார். படியில் விழுந்தார் என்று போலீஸ் சொன்னது. போலீசின் சித்திரவதையே காரணம் என்று நீதிமன்றம் சொல்ல 2023 ஆகிவிட்டது. அப்படிப்பட்ட நாட்டில், தங்களுக்குக் கிடைக்காத நீதியை ஓர் ஆட்டக்காரனுக்கு, அதுவும் தங்களோடு தகராறு செய்கிற ஆட்டக்காரனுக்குக் கொடுத்தார்கள். நாளைக்கு நாடு நம் கைக்கு வந்தால் எப்படி நடத்துவோம் என்பதற்கு அதுதான் ஒத்திகை.

இன்னொரு செய்தி. தொடக்கத்தில் பல கிளப்புகள் கட்சி பார்த்தே ஆள் சேர்த்தன. இந்தக் கட்சிக்காரர் இந்தக் கிளப்பில், அந்தக் கட்சிக்காரர் அந்தக் கிளப்பில். மனோங் என்ற கிளப் அந்த வேலியை உடைத்தது. கட்சி எதுவானாலும் பரவாயில்லை, ஆடத் தெரிந்தால் வா என்றது. கட்சி விட்டுக் கட்சி பேசாதவர்கள் ஒரே அணியில் பந்தைத் தட்டிக் கொடுத்துக்கொள்ள வேண்டிய நிலை வந்தது. பந்து கொடுக்காவிட்டால் தோல்வி. கொடுத்தால்தான் கோல். கூட்டம் போட்டுப் பேசிச் சாதிக்க முடியாததை அந்த அரை மணி நேரம் சாதித்தது.

மிகைப்படுத்தியும் சொல்லக் கூடாது. கால்பந்து யாரையும் விடுதலை செய்துவிடவில்லை. நெல்சன் மண்டேலாவும் அவரோடு தனிப்பிரிவில் இருந்தவர்களும் ஆட அனுமதிக்கப்படவில்லை. அவர்கள் எட்டிப் பார்க்கக்கூட முடியாதபடி சுவர் எழுப்பினார்கள். அடியும் பசியும் குவாரியும் அப்படியேதான் இருந்தன. ஆனால் அந்தத் தீவிலிருந்து வெளியே வந்தவர்களைப் பாருங்கள். மக்கானா சங்கத்துக்குத் தலைமை வகித்தவர் டிக்காங் மோசெனெக்கே. 15 வயதில் கைதாகிப் பத்தாண்டு தீவில் கழித்தவர். அவர் பிறகு அந்நாட்டின் துணைத் தலைமை நீதிபதியானார். அங்கே கைதியாக இருந்த ஸ்டீவ் ட்ஷ்வெட்டே, 1994இல் விடுதலை பெற்ற நாட்டின் விளையாட்டுத் துறை அமைச்சரானார்.

ஐசக்ஸ் 1977இல் வெளியே வந்தார். மொத்தம் 13 ஆண்டுகள். வெளியே வந்தும் நிம்மதி இல்லை. தடை உத்தரவு போட்டுக் கட்டுப்படுத்தினார்கள். ஆனால் அவர் சிறைக்குள் சும்மா இருக்கவில்லையே! அஞ்சல் வழியில் படித்துப் பட்டம் வாங்கியிருந்தார். மற்றக் கைதிகளுக்குப் பாடமும் சொல்லிக்கொடுத்திருந்தார். பிறகு மருத்துவத் தகவலியல் என்ற துறைக்குள் போனார். நோயாளிகளின் பதிவுகளையும் புள்ளிவிவரங்களையும் முறைப்படுத்தி, சிகிச்சைக்குப் பயன்படச் செய்யும் துறை அது. கேப் டவுனில் குரூட் ஸ்கூர் மருத்துவமனை இருக்கிறதே, 1967இல் உலகின் முதல் இதய மாற்று அறுவை சிகிச்சை நடந்த இடம், அங்கே அந்தத் துறையில் பணியாற்றிப் பேராசிரியராக உயர்ந்தார். 2010இல் தம் சிறை நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். 2012இல் காலமானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அவர் கண்மூடுவதற்கு முன் இரண்டு காட்சிகளைக் காலம் அவருக்குக் காட்டியது. 2007 ஜூலை 18, மண்டேலாவின் 89ஆம் பிறந்தநாள். அன்று ஃபிஃபா, மக்கானா கால்பந்துச் சங்கத்துக்குக் கௌரவ உறுப்பினர் தகுதி கொடுத்தது. அந்தத் தீவின் திடலில் பெலே, சாமுவேல் எட்டோ போன்றவர்கள் வந்து 89 கோல் அடித்தார்கள். 2010இல் உலகக் கிண்ணப் போட்டியே தென்னாப்பிரிக்காவுக்கு வந்தது. கேப் டவுனில் அதற்காகக் கட்டிய அரங்கம் கடற்கரையோரம் இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் ராபன் தீவு.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. நம் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான், 1960இல் லண்டனில் கூடிய காமன்வெல்த் பிரதமர்கள் மாநாட்டில் தென்னாப்பிரிக்காவின் நிறவெறியை எதிர்த்து வெளிப்படையாகக் குரல் கொடுத்தவர்களில் முன்னணியில் நின்றார். அடுத்த ஆண்டே அந்த நாடு காமன்வெல்த்தை விட்டு வெளியேற நேர்ந்தது. அந்தத் துங்குதான் மலாயா கால்பந்துச் சங்கத்துக்கு 1951 முதல் தலைவர். 1958 முதல் 1977 வரை ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் தலைவர். மெர்டேக்கா கிண்ணத்தைத் தொடங்கியவரும் அவரே. ஒரே மனிதர் விடுதலைப் போராட்டத்துக்கும் தலைவர், கால்பந்துச் சங்கத்துக்கும் தலைவர். நம் பெரியவர்கள் மெர்டேக்கா அரங்கத்துக்குப் பந்து பார்க்கப் போன கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

நம் சங்கம் தொடங்கிய 1970களில் செடிக் ஐசக்ஸ் அந்தத் தீவில்தான் இருந்தார். அங்கே அவர்கள் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே நம் முன்னோடிகள் சாப்பாட்டுக் கடை வேலையும் சில்லறை வியாபாரமும் முடிந்து, இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து கூட்டக் குறிப்பு எழுதினார்கள். அந்தக் குறிப்பேட்டை இந்த விழாக் கண்காட்சியில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருக்கிறோம். ஒரு ரிங்கிட் நன்கொடைக்கும் வரவு எழுதியிருக்கிறார்கள், பெயரோடு. யாரும் கேட்டு எழுதியதல்ல. கேட்பவன் ஒருநாள் வருவான், அவனுக்குப் பதில் இருக்க வேண்டும் என்று எழுதியது.

இப்போது கேட்பவர்கள் வந்திருக்கிறார்கள். நம் இளைஞர்கள் செயலவைக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார்கள் என்பது இந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். ஊர் பார்த்துப் பதவி பங்கிடும் வழக்கம் நிற்க வேண்டும் என்று கேட்கிறார்கள். செயலவையில் பெண்களுக்கும் முப்பது வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் இடம் வேண்டும் என்று கேட்கிறார்கள். சிலருக்கு இது பிடிக்கவில்லை. "பெரியவர்களை எதிர்த்துக் கடிதமா?" என்கிறார்கள். விழா நேரத்தில் இதை ஏன் எடுக்கிறார் என்று சிலர் என்னைப் பார்ப்பதும் தெரிகிறது. விழா நேரத்தில் பேசாவிட்டால் வேறு எப்போது பேசுவது?

நான் அந்தக் கோரிக்கைகள் சரி, தவறு என்று தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அது பொதுக்கூட்டத்தின் வேலை. மக்கானா சங்கத்திலிருந்து ஒன்றை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன். கடிதம் வந்தால் கடிதத்தில் பதில் போக வேண்டும். பக்கத்துப் பாயில் படுத்திருந்தவனுக்கே அவர்கள் எழுத்தில் பதில் கொடுத்தார்கள். எழுதியவன் நமக்குப் பேரன் வயதுதான், இருக்கட்டும். "உங்கள் கடிதம் கிடைத்தது, இந்தத் தேதியில் விவாதிப்போம், உங்கள் தரப்பைச் சொல்ல இரண்டு பேர் வாருங்கள்" என்று செயலாளர் கையெழுத்தோடு ஒரு பதில். அது போதும். மரியாதை அங்கே தொடங்குகிறது.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. தம்பி, தங்கச்சிகளே, கடிதம் எழுதியது நல்ல காரியம். அடுத்த வேலை கடினமானது. பதவி கிடைத்தால் கணக்கு எழுத வேண்டும். அரங்கம் பதிவு செய்ய வேண்டும். சங்கப் பதிவகத்துக்கு ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். மையித்து வீட்டுக்கு நள்ளிரவில் ஓட வேண்டும். ஐசக்ஸின் பெயர் தெரியாத ஊர்களிலும் மண்டேலாவின் பெயர் தெரியும். ஆனால் சனிக்கிழமை ஆட்டத்துக்கு நடுவர் யார் என்று எழுதிவைக்க ஓர் ஆள் இல்லையென்றால் அந்தத் தீவில் ஆட்டம் நடந்திருக்காது. குரல் கொடுப்பவர்கள் சங்கத்தைத் தொடங்குகிறார்கள். குறிப்பெழுதுபவர்கள்தான் அதை ஐம்பது ஆண்டு கொண்டுவருகிறார்கள். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதற்குத்தான் அந்தக் கேப் டவுன் வாத்தியாரை உங்களிடம் அறிமுகப்படுத்தினேன்.

ஊர் விஷயமும் அப்படியே. கடையநல்லூரோ, தென்காசியோ, இராமநாதபுரமோ, நாகூரோ, காரைக்காலோ, எந்த ஊரிலிருந்து வந்தாலும் நம் பாட்டனார்கள் ஏறியது ஒரே மாதிரிக் கப்பல்தான். ஊர்ப்பற்று இருக்கட்டும், கந்தூரிக்கும் கல்யாணத்துக்கும் அது அழகு. உயிரைப் பணயம் வைத்த கட்சிப் பகையையே மனோங் கிளப்பால் திடலுக்கு வெளியே நிறுத்திவைக்க முடிந்தது. அடுத்த செயலவைக்குப் பெயர் கொடுக்கும்போது நம்மாலும் ஊரைக் கொஞ்சம் வாசலில் நிறுத்திவைக்க முடியும்.

அடுத்த மாதம் ஆண்டுப் பொதுக்கூட்டம். விழாச் சாப்பாட்டுக்கு வந்த கூட்டம் அதற்கும் வர வேண்டும். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். அன்றைக்கு எழுதப்படும் கூட்டக் குறிப்பை நூற்றாண்டு விழாவில் யாரோ ஒரு பேத்தி படிக்கப்போகிறாள். அவள் படிக்கும்போது நம்மை நினைத்துப் பெருமைப்படும்படி எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.